கடல் கடந்த கிறிஸ்துமஸ்: முதிர் மிஷனரித் தம்பதியர் பற்றி வாசகர் கேள்வி–பதில்

பணி ஓய்வுக்குப் பிறகு கணவனும் மனைவியுமாக அயல்நாட்டுக்குச் சென்று ஊழியம் செய்கிற முதிர் மிஷனரிகளைப் பற்றிச் சென்ற இதழில் சிறு கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தோம். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் பண்டிகைக் காலத்தை முன்பின் அறியாத ஊரில் இவர்கள் எப்படிக் கழிக்கிறார்கள், ஏன் கழிக்கிறார்கள் என்பதைப் பற்றியே இருந்தன. இந்த வகை ஊழியத்தை மிக விரிவாக நடத்திவருவது, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஆகவே பதில்கள் பெரும்பாலும் அந்தச் சபையின் நடைமுறையைச் சார்ந்தே அமைந்துள்ளன.

கேள்வி: ஐயா, இந்தச் சபையின் மிஷனரிகள் என்றாலே வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்த இளைஞர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். அறுபது, எழுபது வயதில் போகிறவர்கள் யார்? அவர்களை அனுப்புவது யார்?

பதில்: நீங்கள் நினைப்பதில் தவறில்லை, எண்ணிக்கையில் இளைஞர்களே அதிகம். 2024ஆம் ஆண்டின் முடிவில் இச்சபைக்கு உலகெங்கும் மிஷன்கள் எனப்படும் ஊழியப் பகுதிகள் 450உம் 70,000க்கும் அதிகமான முழுநேர மிஷனரிகளும் இருந்தனர். இளைஞர்கள் 18 வயது முதல் புறப்பட்டு இரண்டு ஆண்டுகளும், இளம்பெண்கள் பதினெட்டு மாதங்களும் ஊழியம் செய்கிறார்கள். முதிர் தம்பதியருக்கு விதிகள் வேறு. முழுநேர வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். தங்களை நம்பி வாழும் பிள்ளைகள் வீட்டில் இருக்கக் கூடாது. அயல்நாட்டு வாழ்க்கையைத் தாங்கும் உடல்நலம் இருப்பதாக மருத்துவர் சான்று தர வேண்டும். ஊழியக் காலத்தை 6, 12, 18, 23 மாதங்கள் என்ற அளவுகளில் அவர்களே தேர்ந்துகொள்ளலாம். எந்த நாடு, எந்தப் பணி என்பதில் தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கவும் வழி உண்டு. ஆனால் விருப்பம் கேட்கப்படுவதால் கேட்டதே கிடைக்கும் என்று பொருளல்ல. சபைத் தலைவரின் கையொப்பமிட்ட அழைப்புக் கடிதத்தில் எந்த ஊரின் பெயர் இருக்கிறதோ அந்த ஊருக்கே போகிறார்கள். புறப்படுமுன் சில நாள்கள் பயிற்சி உண்டு. அதற்கான மையங்களில் பெரியது யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரில் இருக்கிறது.

கேள்வி: கணவனும் மனைவியும் சேர்ந்து மிஷனுக்குப் போவது புதிய ஏற்பாடா?

பதில்: ஏற்பாடு என்ற அளவில் புதிது, வழக்கம் என்ற அளவில் பழையது. ஆடிசன் பிராட் என்பவர் 1843இல் மனைவி லூயிசாவையும் நான்கு மகள்களையும் விட்டுவிட்டுப் பசிபிக் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். 1844இல் துபுவாய் தீவில் இறங்கிய அவர் குடும்பத்தை மீண்டும் பார்த்தது 1848இல்தான். அதற்குள் லூயிசா, பிள்ளைகளையும் உடைமைகளையும் தாமே சுமந்து, கணவனின் துணையின்றிச் சமவெளிகளைக் கடந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்திருந்தார். பிராட் மறுபடியும் அனுப்பப்பட்டபோது அந்த அம்மையார் இந்த முறை பின்தங்கவில்லை. 1850இல் மகள்களுடன் துபுவாய்க்கே போய்ச் சேர்ந்து, அங்குள்ள பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆசிரியையாக இருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு அல்லது நாற்பத்தெட்டு. தம்பதியராகப் போவதன் பலனைப் பேசும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் போன பிறகுதான் அந்தத் தீவின் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு அந்த மிஷனில் பெண்கள் இருந்தார்கள்.

கேள்வி: செலவை யார் ஏற்கிறார்கள்? சம்பளம் உண்டா?

பதில்: சம்பளம் இல்லை. செலவு அவர்களுடையது. ஓய்வூதியமும் சேமிப்பும்தான் ஆதாரம். சிலருக்குப் பிள்ளைகள் மாதந்தோறும் ஒரு பங்கு அனுப்புகிறார்கள். சில நகரங்களில் வீட்டு வாடகையே தம்பதியரின் ஓய்வூதியத்தை விழுங்கிவிடுவதைக் கண்ட சபை, 2011இல் ஒரு வரம்பு வைத்தது: தாய்நாட்டுக்கு வெளியே ஊழியம் செய்யும் தம்பதியர் வீட்டுச் செலவுக்கென மாதம் 1,400 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை, மிகுதியைச் சபை ஏற்கும் என்பது அந்த ஏற்பாடு. வாடகை மிகுந்த நகரங்களுக்கும் நடுத்தர வருவாயுள்ளவர்கள் போக முடிந்தது அதன் பிறகே.

கேள்வி: இந்த வயதில் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்கிறார்களா?

பதில்: பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை, அவர்களிடம் அது எதிர்பார்க்கப்படுவதும் இல்லை. ஒவ்வொரு மிஷனுக்கும் ஓர் அலுவலகம் உண்டு. அங்கே விசா, குடியிருப்பு அனுமதி, வீட்டு வாடகை ஒப்பந்தம், வாகனம், கணக்கு என்று ஓயாத வேலை இருக்கிறது. நாற்பது ஆண்டு வங்கியிலோ பள்ளி அலுவலகத்திலோ உழைத்தவருக்கு அது கைவந்த கலை. வேறு சிலர் குடிநீர், சக்கர நாற்காலி, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு போன்ற மனிதநேயத் திட்டங்களைக் கவனிக்கிறார்கள். சமயப் பரப்புரைக்குச் சட்டம் இடமளிக்காத நாடுகளில் தம்பதியர் இத்தகைய பணிகளோடு நின்றுவிடுகிறார்கள். பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாக்கிறவர்கள் உண்டு. ஆலயங்களில் பணியாற்றுகிறவர்கள் உண்டு.

ஆயினும் என் மதிப்பில் மிக அரியதும் மிகக் கடினமானதும் சிறு கிளைச் சபைகளோடு இருப்பதுதான். இச்சபையில் ஊதியம் பெறும் போதகர்கள் இல்லை. உள்ளூர் உறுப்பினர் ஒருவரே கிளைத் தலைவராக அழைக்கப்படுகிறார். அவர் ஞானஸ்நானம் பெற்றே இரண்டு மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருக்கும். கூட்டம் நடத்துவது, பதிவேடு எழுதுவது, சண்டையிட்டுக்கொண்ட இரு குடும்பங்களை மீண்டும் ஒரே வரிசையில் உட்காரவைப்பது எல்லாம் அவர் தலையில் விழும். சபை வாழ்க்கையில் ஊறிய தம்பதியர் அங்கே வந்தவுடன், தாங்களே எடுத்துச் செய்தால் பாதி நேரத்தில் முடித்துவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அப்படிச் செய்துவிட்டால் பதினெட்டு மாதம் சபை சிறப்பாக நடக்கும். பத்தொன்பதாம் மாதம் நின்றுவிடும். கிளைத் தலைவர் தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, கேட்டால் மட்டும் சொல்லி, கேளாதபோது ஜெபித்து, அவருடைய மனைவியோடும் பிள்ளைகளோடும் உறவாக இருப்பது எளிதன்று. வேகமாகவும் திறமையாகவும் வேலை செய்தே வாழ்நாள் முழுவதும் நற்பெயர் எடுத்தவர்களுக்கு அது இன்னும் கடினம்.

கேள்வி: அயல்நாட்டில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும்? அன்றும் வேலைதானா?

பதில்: போய்ச் சேர்கிற நாட்டைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸுக்குப் போகிறவர்கள் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுவதைக் கண்டு வியக்கிறார்கள். தெருக்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிக்குக் கத்தோலிக்க மக்கள் திரள்வார்கள். அந்நாட்டில் இச்சபைக்கு 8 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருந்தாலும், மக்கள்தொகையில் அவர்கள் மிகச் சிறுபான்மையினர். அண்டை வீட்டுக் கத்தோலிக்கரின் மகிழ்ச்சியில் பங்கெடுத்துக்கொண்டே அவர்கள் தங்கள் பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள். ஜப்பானில் நிலைமை நேர்மாறானது. அங்கே டிசம்பர் 25 அரசு விடுமுறை அல்ல. கடைவீதிகளில் அலங்காரம் மின்னும், ஆனால் மக்கள் வழக்கம்போல் வேலைக்குப் போவார்கள். ஜெர்மனியில் 24ஆம் தேதி மாலையே பண்டிகையின் இதயம். ஆர்மேனியத் திருச்சபை கிறிஸ்து பிறப்பை ஜனவரி 6ஆம் தேதியும், எத்தியோப்பியத் திருச்சபை 7ஆம் தேதியும் கொண்டாடுகின்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது கோடை. பனியோடு பிணைத்தே கிறிஸ்துமஸை அறிந்த வட அமெரிக்கத் தம்பதியருக்கு, வியர்வை வழியப் பாடும் கீதம் முதலில் பண்டிகையாகவே படுவதில்லை.

சபையின் வழிபாட்டு முறையும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இச்சபையில் கிறிஸ்துமஸுக்கென்று கட்டாயமான நள்ளிரவு ஆராதனை இல்லை. 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் திருவிருந்து ஆராதனை மட்டும் நடக்கும். மற்ற வகுப்புகள் நடைபெறுவதில்லை. டிசம்பர் தொடக்கத்தில் சால்ட் லேக் சிட்டியிலிருந்து சபைத் தலைமையின் கிறிஸ்துமஸ் வழிபாட்டுக் கூட்டம் ஒளிபரப்பாகும். இவற்றைத் தவிர, கிளைச் சபையின் கிறிஸ்துமஸ் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தச் சபையார் கையில் இருக்கிறது. இங்கே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தங்கள் ஊர்க் கிறிஸ்துமஸை அப்படியே பெயர்த்துவந்து நடத்திக்காட்ட வேண்டும் என்ற ஆசை நல்ல மனத்திலிருந்துதான் பிறக்கிறது. ஆயினும் அதைத் தம்பதியர் அடக்கிக்கொள்வது நல்லது. உள்ளூர்ப் பிள்ளைகள் தங்கள் மொழியில், தாங்கள் தைத்த உடையில், தங்களுக்குத் தெரிந்த ராகத்தில் பிறப்பின் கதையை நடித்துக்காட்டும்போது முன்வரிசையில் அமர்ந்து முழுமனத்தோடு பார்ப்பவர்களாக இருக்கட்டும்.

அன்று வேலை உண்டா என்று கேட்டீர்கள். அன்றைய வேலை பெரும்பாலும் அந்த இளம் மிஷனரிகள்தாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல்முறையாக வீட்டைப் பிரிந்து கிறிஸ்துமஸ் காணும் பிள்ளைகள் அவர்கள். அதில் சிலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக இச்சபையில் சேர்ந்தவர்கள். வீட்டிலிருந்து கடிதமோ பரிசோ வராது என்பது அவர்களுக்குத் தெரியும். முதிர் தம்பதியரின் வாடகை வீடு அன்று அவர்களுக்குத் திறந்திருக்கிறது. யார் அதிகமாகச் சிரிக்கிறான், யார் திடீரென்று பால்கனிக்குப் போய் நிற்கிறான் என்பதை, பிள்ளைகளை வளர்த்துப் பேரப்பிள்ளைகளையும் பார்த்த கண்கள் உடனே கண்டுகொள்ளும். மிஷன் தலைவர் எத்தனை அன்பானவராக இருந்தாலும் அவர் பொறுப்பில் நூறு பேருக்கு மேல் இருக்கக்கூடும். பால்கனியில் நிற்பவனின் அருகே போய்ப் பேசாமல் நிற்க அவருக்கு அன்று நேரம் வாய்ப்பது அரிது.

கேள்வி: இளம் மிஷனரிகள் வீட்டுக்குப் பேசுவதற்கே தடை உண்டு என்று கேள்விப்பட்டேன். தாத்தா பாட்டிகளுக்கும் அப்படியா?

பதில்: 2019 பிப்ரவரி வரை இளம் மிஷனரிகள் பெற்றோரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டு நாள்களே வாய்ப்பிருந்தது: ஒன்று கிறிஸ்துமஸ், மற்றொன்று அன்னையர் தினம். மற்ற நாள்களில் கடிதமும் மின்னஞ்சலும்தாம். அந்த மாதத்தில் விதி மாறி, வாரந்தோறும் பேசலாம் என்றாயிற்று. முதிர் மிஷனரிகளுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. குடும்பத்தோடு விரும்பியபோது பேசலாம். இளைஞர்களுக்குரிய கடுமையான தினசரி அட்டவணையும் அவர்களுக்குப் பொருந்தாது. குடும்பத்தில் திருமணமோ மரணமோ நேர்ந்தால், மிஷன் தலைவரின் ஒப்புதலோடு, சொந்தச் செலவில் சில நாள் ஊருக்குப் போய்வரவும் இடம் உண்டு.

பேசத் தடையில்லை என்றாலும் நேர வேறுபாடு இருக்கவே செய்கிறது. டிசம்பரில் மணிலாவுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் 15 மணி நேர வித்தியாசம். மணிலாவில் 25ஆம் தேதி காலை ஒன்பது மணி என்றால், அங்கே 24ஆம் தேதி மாலை ஆறு மணி. ஆகவே தங்கள் கிறிஸ்துமஸ் காலையில் தம்பதியர் காண்பது பேரப்பிள்ளைகளின் முந்தைய மாலையை. பிள்ளைகள் மறுநாள் விழித்துப் பரிசுகளைப் பிரிக்கும் வேளையில் மணிலாவில் நள்ளிரவு நெருங்கியிருக்கும். எந்த நேரத்தைப் பகிர்ந்துகொள்வது என்று குடும்பத்தார் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. எல்லாவற்றையும் திரையில் காட்டிவிட முயன்றால் இரு பக்கமும் களைத்துப்போகும். பேரக்குழந்தைக்கு ஒரு கதையை முழுதாக வாசித்துக்காட்டும் இருபது நிமிடம், கூட்டத்தின் நடுவே கைமாறிக்கொண்டிருக்கும் தொலைபேசியின் இரண்டு மணி நேரத்தைவிட மேலானது.

கேள்வி: வசதியான நாட்டிலிருந்து போகிறவர்கள் பண்டிகை நாளில் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுப்பது நல்லதுதானே? அதில் என்ன தவறு வந்துவிடும்?

பதில்: கொடுக்க வேண்டும் என்ற உள்ளத்தில் எந்தத் தவறும் இல்லை. எப்படி, யார் வழியாகக் கொடுப்பது என்பதில்தான் கவனம் தேவைப்படுகிறது. வந்த கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுவே.

ஐம்பது உறுப்பினர்கள் உள்ள ஒரு கிளைச் சபையை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுத் தம்பதியர் தங்களுக்குப் பழக்கமான இரண்டு குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த பரிசு கொடுக்கிறார்கள். கொடுத்தவர்களுக்கு அது சிறு தொகை. வாங்கிய வீட்டில் அது தகப்பனின் ஒரு மாத உழைப்பாக இருக்கலாம். தன் கையால் பிள்ளைக்குக் கொடுத்த எளிய பரிசு அதன் அருகே சிறுத்துப்போவதை அந்தத் தகப்பன் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பரிசு கிடைக்காத மற்ற வீடுகளில் பேச்சு எழுகிறது. அடுத்து வரும் தம்பதியரிடமும் அதே எதிர்பார்ப்பு. அவர்கள் கொடுக்காவிட்டால் அன்பில்லாதவர்கள் என்ற பெயர். எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் கிளைத் தலைவருக்கு நேர்கிறது. தேவையுள்ளவர்கள் இனி அவரிடம் வரமாட்டார்கள். நேரே வெளிநாட்டார் வாசலுக்குப் போய்விடுவார்கள்.

இதற்குச் சபையில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. உறுப்பினர்கள் மாதத்தில் ஒரு நாள், வழக்கமாக முதல் ஞாயிறு, இரண்டு வேளை உணவைத் தவிர்த்து உபவாசமிருந்து, அதனால் மிஞ்சும் தொகையையோ அதற்கும் மேலாகவோ காணிக்கையாகத் தருகிறார்கள். அந்தக் காணிக்கையிலிருந்து யாருக்கு என்ன உதவி தேவை என்பதை பெரிய சபையானால் ஊதியமின்றி அதை நடத்தும் ஆயரோ, சிறியதானால் கிளைத் தலைவரோ, சபைப் பெண்கள் அமைப்பின் தலைவியோடு கலந்து, வெளியே தெரியாமல் தீர்மானிக்கிறார். கொடுக்க விரும்பும் தம்பதியர் தாங்களும் அந்தக் காணிக்கையில் சேர்க்கலாம். அப்போது யார் கொடுத்தது என்று பெறுகிறவருக்குத் தெரியாது. நன்றிக்கடன் ஒரு தனி மனிதருக்கு உரியதாகாது. பரந்த அளவில் கொடுக்க விரும்புகிறவர்களுக்கும் வழி உண்டு. 2016 முதல் சபை டிசம்பர் மாதத்தில், உலகுக்கு ஒளி தரும் நற்செயல்களை ஊக்குவிக்கும் இயக்கம் ஒன்றை நடத்திவருகிறது. அதன் பகுதியாக 2017இல் சால்ட் லேக் சிட்டியில் நன்கொடை இயந்திரம் முதலில் வைக்கப்பட்டது. பின்னர் மணிலா, லண்டன் போன்ற நகரங்களுக்கும் பரவியது. பணத்தைச் செலுத்தினால் நமக்குப் பொருள் வராது. ஆடோ, கோழியோ, தடுப்பூசியோ, குடிநீரோ அறநிறுவனங்களின் வழியாகத் தேவையுள்ள வேறொருவருக்குப் போய்ச் சேரும்.

அப்படியானால் தம்பதியர் நேரடியாக எதையும் கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கக்கூடியதையும், பெறுகிறவர் தாமும் திருப்பிச் செய்ய இயலுகிறதையும் கொடுக்கலாம். குடும்பத்தாரின் நல்ல புகைப்படம் ஒன்றை எடுத்து அச்சிட்டுத் தருவது, சிறுவனுக்குப் பியானோவில் ஒரு கீதம் கற்றுத்தருவது, மருத்துவமனையில் இருக்கும் முதியவரின் அருகே பண்டிகை மாலையைக் கழிப்பது போன்றவை அப்படிப்பட்டவை. அதைவிடவும் ஒருபடி மேலாக நான் சொல்ல விரும்புவது, வாங்கிக்கொள்ளப் பழகுவது. ஏழை வீடு ஒன்று பண்டிகை நாளில் தம்பதியரை அழைத்து, தன்னிடம் உள்ள நல்லதை எடுத்து வைக்கும்போது, அவர்களுக்குச் செலவாகிவிடுமே என்று தயங்குவது அந்த வீட்டாரைச் சிறுமைப்படுத்தும். உட்கார்ந்து, மகிழ்ந்து, அளித்ததைப் பெற்றுக்கொண்டு வருவதே அங்கே ஊழியம்.

கேள்வி: மது, தேநீர், காபி மூன்றையும் இவர்கள் தொடமாட்டார்களே. விருந்துக்கு அழைக்கிறவர்கள் மனம் புண்படாதா?

பதில்: இச்சபையார் 1833 முதல் ஞான வார்த்தை என்று போற்றிவரும் உடல்நல நெறி இம்மூன்றையும் புகையிலையையும் விலக்குகிறது. சபை உறுப்பினர் வீடுகளில் இது கேள்வியாகவே எழாது. மற்ற வீடுகளில், கோப்பை கைக்கு வந்த பிறகு மறுப்பதைவிட, அழைப்பை ஏற்கும்போதே மலர்ந்த முகத்தோடு சொல்லிவிடுவது நல்லது. வேறு எதையாவது விருப்பத்தோடு கேட்டு வாங்கிக் குடித்தால் யாரும் வருந்துவதில்லை.

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 65. பதினெட்டு மாத ஊழியத்துக்கு அழைப்பு வந்து, அடுத்த மாதம் புறப்படுகிறார்கள். எனக்கு மார்ச்சில் இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. அவர்களுடைய விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனால் என் குழந்தையைவிட முன்பின் தெரியாதவர்கள் பெரிதாகிவிட்டார்களா என்று மனம் கொதிக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று அவர்களோடு பேசவே பிடிக்குமா என்று தெரியவில்லை. இப்படி நினைப்பது பாவமா?

பதில்: மகளே, பாவம் அன்று. பிரசவ நேரத்தில் தாய் அருகில் இருக்க வேண்டும் என்று விரும்பாத பெண் யார்? உங்கள் கோபம் உங்கள் அன்பிலிருந்தே பிறந்தது. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தக் கோபத்தை அவர்கள் விமானம் ஏறிய பிறகு மௌனத்தால் தெரிவிக்காதீர்கள். இந்த மாதமே, நேரில், இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். முதிர் தம்பதியர் பலர் பிள்ளைகளிடம் ஊழியத்தின் ஆசீர்வாதத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். பிரிவின் வலியைச் சொன்னால் தங்கள் தீர்மானம் தளர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். பிள்ளைகளோ, பெற்றோருக்கு வலியே இல்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். உங்கள் அம்மாவும் இரவில் உறங்காமல் மார்ச் மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கலாம். நீங்கள் பேசினால்தான் அவரும் பேசுவார்.

கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. பிரசவத்தை ஒட்டி அம்மா மட்டுமாவது சில நாள் வந்துபோக முடியுமா, அல்லது புறப்படும் தேதியைத் தள்ளிவைக்க இயலுமா என்று கேளுங்கள். முன்பே சொன்னதுபோல, குடும்ப நிகழ்வுகளுக்கு மிஷன் தலைவரின் ஒப்புதலோடு சொந்தச் செலவில் போய்வர முடியும். அழைப்பைப் பெற்றவர்கள் புறப்பாட்டுத் தேதி குறித்துத் தங்கள் ஆயர் வழியாகப் பேசுவதும் உண்டு. கேட்பதாலேயே கிடைத்துவிடும் என்று நான் உறுதி கூற முடியாது. கேளாமல் மனத்தில் வைத்துக்கொண்டால் நிச்சயம் கிடைக்காது. ஒருவேளை எதுவும் மாறாவிட்டால், மார்ச்சில் உங்கள் அருகில் யார் இருப்பார்கள் என்பதை அவர்கள் புறப்படுமுன்னே உங்களோடு சேர்ந்து ஏற்பாடு செய்துவிட்டுப் போவது அவர்கள் கடமை. அதை அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர்களுக்குப் பதினெட்டு மாத ஊழியம் எந்த அளவுக்குப் புனிதமோ, அந்த அளவுக்கு இந்த ஏற்பாடும் புனிதமானது.

மூத்த குழந்தையை மறந்துவிடாதீர்கள். தாத்தா பாட்டி எங்கே போகிறார்கள், அங்கே யாருக்கு உதவுகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதை அவர்களே அந்தக் குழந்தைக்குச் சொல்லட்டும்.

கேள்வி: வயதானவர்களுக்கு அயல்நாட்டில் நோய் வந்தால்?

பதில்: முதலில் காப்பீடு. அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக அந்நாட்டுக்கு வெளியே செல்லாது என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள்; வெளிநாட்டுக்கென்று தனிக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அன்றாடம் உட்கொள்ளும் மருந்து அந்த நாட்டில் கிடைக்குமா, அதை எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருமா என்பதை மருத்துவரிடமும் தூதரகத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சபையின் பல பகுதிகளில் மருத்துவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற மருத்துவர்களான அவர்களும் பெரும்பாலும் முதிர் மிஷனரிகளே.

கேள்வி: பண்டிகைக்குத்தான் தனிமை அதிகமா?

பதில்: நான் அறிந்தவரை, டிசம்பரைவிட ஜனவரியே கனமானது. டிசம்பரில் கூட்டம், பாட்டு, வருகிறவர்கள், போகிறவர்கள் என்று நாள் நிறைந்திருக்கும். ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு இளம் மிஷனரிகள் வேறு ஊர்களுக்கு மாற்றப்படுவார்கள். வீட்டுத் தொலைபேசி அழைப்புகள் குறையும். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு சிறிய வீட்டில் இருப்பார்கள். வேலைக்குப் போய்வந்த காலத்தில் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரமே சேர்ந்திருந்தவர்கள், இப்போது வேலையிலும் வீட்டிலும் வாகனத்திலும் இருபத்துநான்கு மணி நேரமும் சேர்ந்தே இருக்கிறார்கள். சிறு உரசல்கள் பெரிதாகத் தோன்றும் காலம் அது. ஒவ்வொருவருக்கும் நாளில் ஒரு மணி நேரம் தனியாக, இவர் நடக்கப் போக, அவர் வாசிக்க என்று பிரித்துக்கொள்வது தம்பதியர் பலருக்கு உதவியிருக்கிறது. ஜனவரிக்கென்று ஒரு பணியைத் தொடங்கிவைப்பதும் நல்லது: மொழிப் பாடமோ, கிளைச் சபைச் சிறுவருக்கான இசை வகுப்போ, எதுவாயினும் சரி.

கேள்வி: எங்கள் சபையிலிருந்து ஒரு தம்பதியர் சென்றிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் என்ன அனுப்பலாம்?

பதில்: பெட்டி அனுப்புவதானால் அந்த நாட்டின் சுங்க விதிகளை முதலில் தம்பதியரிடமே கேளுங்கள், அனுப்பிய பொருளின் மதிப்பைவிட அதை மீட்கக் கட்டும் வரி கூடுதலாகிவிடும் நாடுகள் இருக்கின்றன. பண்டிகைக் காலத்தில் அஞ்சலும் தாமதமாகும்; அக்டோபரிலேயே அனுப்பிவிடுவது பாதுகாப்பு. ஆனால் நீங்கள் என்னைக் கேட்டால், பெட்டியைவிடக் குரல்களை அனுப்புங்கள் என்பேன். உங்கள் பாடகர் குழு பாடுவதைப் பதிவு செய்து, ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் பேசி அனுப்புங்கள். ஊரில் நடக்கும் சாதாரணச் செய்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீடு மாறினார்கள், ஞாயிறு வகுப்பை இப்போது யார் நடத்துகிறார்கள் என்பன போன்றவை. அதில் பாதியைக் கிறிஸ்துமஸுக்கு அனுப்பி, மறுபாதியை ஜனவரி மூன்றாம் வாரத்துக்கென்று வைத்திருங்கள்.